பேஸ்மென்ற் குளியலறை கட்டுபவர்களே, கொங்கிறீற் போடும் முன் நிறுத்துங்கள்

ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில் எழுபதுகளில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் பேஸ்மென்றில், மகனும் மருமகளும் சில ஆண்டுகள் தங்குவதற்கென்று ஒரு குளியலறை கட்ட 2023 இலையுதிர் காலத்தில் முடிவு செய்தோம். உறவினர் ஒருவர் வழியாக அறிமுகமான ஒப்பந்தக்காரர் 9,500 டொலருக்கு எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகவும், பணமாகக் கொடுத்தால் 13 வீத எச்எஸ்ரி வரி வராது என்றும் சொன்னார். நகராட்சி தரும் கட்டட அனுமதியான பெர்மிற் பற்றிக் கேட்டபோது அவர் தந்த பதில் இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணை, பெர்மிற்றுக்குப் போனால் ரண்டு மாசம் இழுக்கும். நீங்கள் யோசிக்காதேங்கோ, எல்லாம் நான் பாக்கிறன்." நான் யோசிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியையும் இருமுறை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், என் வீட்டுத் தரையை உடைக்க வந்தவரிடம் உரிம எண்ணைக்கூடக் கேட்கவில்லை.

முதல் தவறு தரையை உடைப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. கொமட்டை எங்கே வைப்பது என்பதை அவர் அறையின் அழகை வைத்துத் தீர்மானித்தார். பிரதான கழிவுக் குழாய் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று, குழாயைத் துப்புரவாக்குவதற்காகத் தரையில் வைத்திருக்கும் மூடியைத் திறந்து அளக்கவே இல்லை. கொமட்டிலிருந்து போகும் மூன்று அங்குலக் குழாய்க்குக் குறைந்தது 50க்கு 1 என்ற சரிவு இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டட விதி. அவர் தேர்ந்தெடுத்த மூலை பிரதான குழாயிலிருந்து 20 அடி தொலைவில் இருந்ததால், ஏறத்தாழ ஐந்து அங்குலம் இறங்கிச் சேர வேண்டியிருந்தது. அந்த ஆழம் அங்கே இல்லை. ஆழம் போதாவிட்டால் கொமட்டைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், அல்லது கழிவை மேலேற்றும் பம்ப் தொட்டியைத் தரைக்குள் வைக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யாமல் குழாயைக் கிட்டத்தட்ட மட்டமாகப் படுக்க வைத்தார்.

இதை நான் பார்த்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ, பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை குழாய்கள் போட்டார்கள். சனிக்கிழமை நான் வேலையால் திரும்பியபோது குழி முழுவதும் கொங்கிறீற் போட்டு மூடப்பட்டிருந்தது. பெர்மிற் எடுத்திருந்தால் நகராட்சிப் பரிசோதகர் குழி திறந்திருக்கும்போதே வந்து, குழாயில் நீர் நிரப்பிக் கசிவு பார்த்து, சரிவையும் இணைப்புகளையும் சோதித்த பிறகுதான் மூட முடிந்திருக்கும். அவர் தப்பிக்க நினைத்தது அந்த ஒரு வருகையிலிருந்துதான் என்று இப்போது நினைக்கிறேன்.

சில வாரங்களிலேயே கொமட்டில் தண்ணீர் விட்டால் ஷவரின் வாய் களக் களக் என்று சத்தமிடத் தொடங்கியது. பிறகு சாக்கடை நாற்றம் வந்தது. அழைத்துச் சொன்னபோது, புதுக் குழாய் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பிளீச் ஊற்றுங்கள் என்றார். பல மாதங்கள் பிளீச் ஊற்றினேன். கழிவுக் குழாய்க்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக் குழாய் இல்லாத இடத்தில் ஓடும் கழிவுநீர், ஷவருக்கு அடியிலுள்ள வளைவில் நிற்கவேண்டிய தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்பதும், சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த ஒரு கோப்பைத் தண்ணீர்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

2024 ஜூலை 16ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவான அந்தப் பகலில், எங்கள் ஷவரின் வாயால் வீதிச் சாக்கடை மேலே வந்தது. இந்த வீட்டை எமக்கு விற்றவர், தெருவிலிருந்து கழிவு திரும்பி ஏறாமல் தடுக்கும் பாக்வோட்டர் வால்வு ஒன்றை ஏற்கெனவே பொருத்தியிருந்தார். அது பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன். ஆனால் உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவர் குழாய்க்குள் கமெராவை விட்டுக் காட்டியபோது, வால்வு ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. புதிய குளியலறையின் குழாயோ வால்வுக்கு வீட்டுப் பக்கத்தில் சேர்க்கப்படாமல், அதைத் தாண்டித் தெருப் பக்கத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. மேல்மாடிகளின் கழிவு அனைத்தும் பாதுகாப்பாக இருக்க, வீட்டின் மிகத் தாழ்ந்த குளியலறை மட்டும் தெருச் சாக்கடைக்கு நேரே திறந்திருந்தது! சுவரைப் பிரித்தபோது காற்றுக் குழாயும் கிடைத்தது: இரண்டடி உயர்ந்து, எதனோடும் சேராமல், ஜிப்ரொக் பலகைக்குப் பின்னால் முடிந்திருந்தது.

மீண்டும் உடைத்துச் சரிசெய்ய 14,000 டொலர் ஆனது. புதிய பிளம்பர் முதல் நாள் அளவுநாடாவைத் தவிர வேறு கருவி எதையும் எடுக்கவில்லை. ஆழத்தை அளந்துவிட்டு, கொமட்டை எட்டடி இப்பால் நகர்த்தச் சொன்னார். இரண்டு மாதம் இழுக்கும் என்று பயமுறுத்தப்பட்ட பெர்மிற் மூன்று வாரத்துக்குள் வந்தது. பரிசோதகர் குழி திறந்திருக்கையில் ஒருமுறையும், சுவர் திறந்திருக்கையில் ஒருமுறையும் வந்தார்.

பழைய ஒப்பந்தக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பெர்மிற் வேண்டாமெண்டு நீங்களும்தானே சம்மதிச்சனீங்கள்" என்றார். அதில் பொய்யில்லை, பெர்மிற் எடுப்பது சட்டப்படி வீட்டு உரிமையாளரின் பொறுப்புமாகும். மிச்சப்படுத்திய வரி என்று நான் மகிழ்ந்தது, உண்மையில் பற்றுச்சீட்டும் எழுத்திலான ஒப்பந்தமும் இல்லாமற் போனதற்கான விலை. ஒன்ராறியோவில் பிளம்பர் வேலை சான்றிதழ் கட்டாயமான தொழில் என்பதையும், ஒப்பந்தக்காரரின் உரிமத்தை நகராட்சியிடம் சரிபார்க்கலாம் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். உங்கள் வீட்டில் வேலை தொடங்கவிருந்தால், கடைசித் தவணையைப் பரிசோதகர் ஒப்பமிட்ட பிறகே தருவதாக எழுதி வையுங்கள். குழி மூடப்படும் முன் குழாயின் மீது மட்டக்கோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். என்னிடம் இரண்டாவது குழியின் படங்கள் நாற்பது இருக்கின்றன. முதற்குழிக்கு ஒன்றுகூட இல்லாததால், சிறு வழக்கு நீதிமன்றத்துக்குக் கமெரா பதிவையும் வட்ஸ்அப் செய்திகளையும் மட்டுமே கொண்டு போகிறேன்.