பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்

எங்கள் வீட்டுக்காரர் 2023 இல் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தரைக்கு எழுந்து நடை, பால், பேப்பர், குளியல், டிபன். பத்தரைக்கெல்லாம் அன்றைய சோலி அத்தனையும் முடிந்துவிடும். அப்புறம் வாசல் கேட் வரைக்கும் போவார், திரும்பி வருவார். "மோட்டார் போட்டாச்சா அம்மிணி?" என்று கேட்பார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். முப்பது வருசம் ஊர் முழுக்கக் கரண்டு போனால் தேடப்பட்ட மனுசன், கேட்டுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு வெசனமாக இருந்தது.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. ஓய்வு பெற்ற வீட்டில் காலையும் மாலையும் எப்படியோ நிறைந்துவிடுகின்றன. பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்தான் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஊத்துக்குளி வெயிலில் அந்த நேரத்தில் வெளியே போகவும் முடியாது. இரண்டு வருசமாக நாங்களும் எங்கள் சொந்தபந்தங்களும் செய்து பார்த்த காரியங்களை இந்தப் பகல் நேரத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு: ஒரு நாள் நாம் போகவில்லை என்றால் அங்கே யாராவது நம்மைத் தேடுவார்களா?

முதலில் தோட்டம். கொங்குநாட்டில் ஓய்வு என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற முதல் வார்த்தை அதுதான். "இனி என்னங்க, பண்ணையத்தைப் பார்க்க வேண்டியதுதானே" என்பார்கள். மச்சாண்டாருக்கு, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, சென்னிமலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, கீழ்பவானிப் பாசனம். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் அந்த வாய்க்காலில் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு வருசம் ஆகஸ்ட் நடுவில் திறந்தால் நெல். அடுத்த வருசம் நம் மதகுக்கு ஜனவரிக்கு மேல்தான் தண்ணீர், கடலையோ எள்ளோ போடலாம். ஆக, என்றைக்கு எந்த வேலை என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. வாய்க்கால் சொல்லிவிடும். ஆபீஸ் நேரத்துக்குப் பழகிப்போன ஆளுக்கு இது பெரிய ஆறுதல்.

வீட்டுக்காரர் இரண்டு மாதம் தினமும் போனார். காலை ஆறிலிருந்து பத்து வரை, மறுபடி நாலிலிருந்து பொழுது சாய்கிற வரை. நடுப்பகலில் தோட்டத்துக் குடிசையான சாளையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுவார். பகல் நேரத்தைத் தோட்டம் நிரப்பவில்லைதான். ஆனால் உழைத்துவிட்டுப் படுக்கிற மதியமும், செய்ய ஒன்றுமில்லாமல் படுக்கிற மதியமும் ஒன்றல்ல. அந்த இரண்டு மாதம் அவர் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைத் தாண்டியும் தன் நிலத்தில் இறங்கி வேலை செய்தார், 2021 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைக் காட்டி "வயசு என்னங்க செய்யும்" என்று பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவர் உடம்பு பல பத்தாண்டுகளாக மண்ணோடு பழகியது. முப்பது வருசம் ஜீப்பிலும் நாற்காலியிலும் இருந்துவிட்டு 60 இல் மம்முட்டி பிடிக்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இப்போது இவர் சனி, ஞாயிறு மட்டும் போகிறார். மடை திருப்புவது, சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுப்பது, கூலி ஆட்களுக்குக் கணக்கு எழுதுவது. அண்ணனுக்கும் அது போதுமாக இருக்கிறது.

நிலம் ஏற்கெனவே இருந்து, அதைப் பார்த்துக்கொள்ள நம் ஆள் ஒருவரும் இருந்தால் தாராளமாகப் போகலாம். பி.எஃப். பணத்தைப் போட்டுப் புதிதாகத் தோப்பு வாங்குவது வேறு விசயம், அதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். தென்னை என்றால் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற காலம் போய்விட்டது. சுருள் வெள்ளை ஈ 2016 இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. இன்றைக்கு மட்டையின் அடியில் வெள்ளையும் மேலே கரும்பூஞ்சையும் இல்லாத தோப்பைத் தேட வேண்டியிருக்கிறது. 2012 வாக்கில் ஈமுக் கோழியை நம்பி ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். கோழியும் போயிற்று, பணமும் போயிற்று. சிறிய அளவில் கை பழக வேண்டும் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான், தேனீ வளர்ப்பு என்று ஒரு நாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். போய்க் கற்றுக்கொண்டு, வீட்டில் பத்துப் பையோ ஒரு பெட்டியோ வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

அடுத்தது நான் செய்கிற வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 27 வருசம் கணக்கு எழுதினேன். முட்டி வலியால் தினமும் பஸ் ஏற முடியாமல் போனதும், வீட்டிலிருந்தே மூன்று சின்ன யூனிட்டுகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். இரண்டு பவர் டேபிள் யூனிட், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கிறவர்கள், ஒரு எம்பிராய்டரி. பில்லை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள்.

பகல் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சோறு வடித்துக்கொண்டே செய்யலாம். நம்மைத் தேடுவார்களா என்ற கேள்விக்கும் இடமில்லை, தேடித் தீர்த்துவிடுவார்கள். மாதா மாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 பதினோராம் தேதிக்குள், வரி கட்டும் கணக்கான 3பி இருபதாம் தேதிக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதனால் எட்டாம் தேதியிலிருந்து இருபது வரை என் போன் ஓயாது. டையிங்காரர் பில் இன்னும் வரவில்லை என்பார்கள். வந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து "ஆச்சுங்க" என்று சொல்லும்போது, வேலையில் இருந்த காலத்து நிறைவு அப்படியே திரும்பி வருகிறது.

ஆனால் இருபத்தொன்றாம் தேதி வீடு மறுபடி அமைதியாகிவிடும். அடுத்த எட்டாம் தேதி வரைக்கும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆக இது மாதத்தில் பாதியைத்தான் நிரப்புகிறது. இன்னொரு குறை, பணம் வாங்குகிற வேலை என்பதால் பொறுப்பும் பதற்றமும் கூடவே வருகின்றன. நோம்பி நாளானாலும் தேதி தேதிதான். சம்பாத்தியம் தேவைப்படுகிறவர்களுக்கும், பழைய தொழில் கையில் இருக்கிறவர்களுக்கும் இது முதல் இடம். தேவைப்படாதவர்கள் யோசித்து இறங்குங்கள்.

"வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை" என்று போனில் வருகிற எதையும் இதோடு சேர்க்காதீர்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்து, முதலில் நூறு இருநூறு கொடுத்து, அப்புறம் நம்மிடமே பணம் கட்டச் சொல்வார்கள். தெரிந்தவர் ஒருவர் ஒரே வாரத்தில் சேமிப்பை இழந்தார். வேலை கொடுக்கப் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு வெருசாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

மாலை நேரத்துக்கு எங்கள் பக்கம் வள்ளி கும்மி இருக்கிறது. எங்கள் நங்கை, அதாவது என் அண்ணன் சம்சாரம், 61 வயதில் போய்ச் சேர்ந்தார். முன்பு ஆண்களே ஆடிவந்த ஆட்டம் அது. 2024 இல் பத்மஸ்ரீ பெற்ற மேட்டுப்பாளையம் பத்ரப்பன் ஐயா போன்றவர்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்ததால்தான் இன்றைக்கு ஊருக்கு ஊர் பெண்கள் ஆடுகிறார்கள். பொழுதோட ஏழு மணிக்குக் கோயில் மைதானத்தில் பயிற்சி. மாதக்கணக்கில் பழகி, கடைசியில் அரங்கேற்றம். பத்து வயதுப் பிள்ளையும் நங்கையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் வரிசையில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும், அன்று இரவே யாராவது போன் செய்துவிடுவார்கள். "அம்மிணி, நீங்களும் வாங்கோ, முட்டி வலியெல்லாம் பறந்துபோகும்" என்று என்னைக் கூப்பிடுகிறார். என் முட்டிக்கு டாக்டர் குதிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் நான் பாட்டுப் பாட மட்டும் போகிறேன். ஆட்கள் சேர்ந்திருக்கும் சந்தோசத்தில் கும்மியை எதுவும் மிஞ்சாது. பகல் நேரத்துக்கு மட்டும் இதனால் உதவியில்லை. நங்கை பகலில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பதைக் கணக்கில் எடுத்தால் ஓரளவு உண்டு.

பறவை பார்ப்பது விடிகாலைக் காரியம். எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சராயன் குளம், கொஞ்சம் தள்ளி வெள்ளோடு. வெள்ளோடு 2022 இலும் நஞ்சராயன் 2024 இலும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசிக்கு மேல் போனால் தட்டைவாயன் வாத்துகள் வந்திருக்கும். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணி பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும், நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றும் செய்யலாம். அமைதியான மனசுக்காரர்களுக்கு நல்லது. எங்கள் இருவருக்கும் வருசத்தில் நாலு தடவை போதுமாக இருந்தது.

பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்வதை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அன்பு. அதைத் தினசரி வேலையாக நம் தலையில் கட்டினால் மகளுக்கும் நமக்கும் நடுவில்தான் சிக்கல் வரும். டியூசனும் அப்படித்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஐந்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.

பகல் பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் கடைசியில் வந்து உட்கார்ந்தது விக்கிமூலம், பழைய நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி தன்னார்வலர்கள் ஏற்றுகிற இணையதளம். மகள்தான் தன் பழைய லாப்டாப்பைக் கொடுத்து அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போனாள். அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் 2,000 க்கும் மேல் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக அங்கே போயிருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம் இருக்கும். இன்னொரு பக்கம் கணினி அந்தப் படத்தைப் படித்து எழுதிய எழுத்து இருக்கும். அதில் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' வந்திருக்கும், 'பால்' என்பது 'பரல்' ஆகியிருக்கும். படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்தி முடித்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சையாகும். தானே திருத்தியதைத் தானே பச்சையாக்க முடியாது.

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிந்தது. தமிழில் தட்டச்சு செய்யவே கை வரவில்லை. ஒரு நாள் மகள் வந்திருந்தபோது, ஒரு பழைய பதிப்பில் தும்பிக்கை மாதிரி வளைந்த ஓர் எழுத்தைக் காட்டி "இது என்னங்கப்பா?" என்று கேட்டாள். "இது 'னை' கண்ணு. நாங்க இப்படித்தான் எழுதினோம்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து அவர் பேப்பர் ஓரத்தில் பழைய 'ணை', 'லை', 'னை', 'றா' எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் காட்டினார். 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அதுவரை படித்தது முழுக்கப் பழைய எழுத்து. கணினி தடுமாறுகிற இடத்தில், சின்னவர்கள் நின்று யோசிக்கிற இடத்தில், அவர் கண் தானாகவே ஓடுகிறது. வயதானதால் மட்டுமே ஒருவருக்குக் கூடுதலாகத் தெரிகிற காரியத்தை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கவில்லை.

இதில் காசு இல்லை. தேதி இல்லை, அதனால் ஒரு நாள் விட்டால் யாரும் தேட மாட்டார்கள். அதுதான் இதன் பெரிய குறை என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் அரைகுறையாகத்தான் சரி என்று தோன்றுகிறது. ஒரு மதியம் உள்ளேயிருந்து "அம்மிணி, இங்க வா" என்று கூப்பிட்டார். அவர் மூன்று வாரம் முன்பு மஞ்சளாக்கிய பக்கம் பச்சையாகியிருந்தது. அந்தப் பக்கத்தை யார் யார் திருத்தினார்கள் என்ற வரலாற்றைத் திறந்து பார்த்தோம். முகம் தெரியாத யாரோ ஒருவர், அவர் விட்டுவிட்ட ஒரே ஒரு ஒற்றுப்புள்ளியை வைத்துவிட்டுப் போயிருந்தார். "பாரு, வரி வரியாப் படிச்சிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து இவரும் மற்றவர்களுடைய மஞ்சள் பக்கங்களை எடுத்துச் சரிபார்க்கிறார்.

என் கணக்கு வேலை இல்லாத இருபத்தொன்றாம் தேதிக்கு மேல் நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். நான் சத்தமாகப் படிப்பேன், அவர் திரையில் பார்த்துக்கொண்டே வருவார். ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் நூறு பக்கத்துக்கு உட்பட்ட புத்தகமாக எடுங்கள், கட்டமும் அட்டவணையும் இல்லாத உரைநடையாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், கண்ணும் இடுப்பும் கெட்டுவிடும். இவர் நாலரைக்கு லாப்டாப்பை மூடுகிறார். இன்று சனிக்கிழமை, சென்னிமலையில் கடலைக்குத் தண்ணீர் முறை.