விமானம் ரத்தானால்: மாற்று விமானமா, பணமா, நுகர்வோர் ஆணையமா?

ஊட்டிக்காரருக்கும் கோத்தகிரிக்காரருக்கும் விமான நிலையம் என்றால் கோவை பீளமேடுதான். நள்ளிரவில் டாக்சி பிடித்து மலையிறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிப் போய் நின்றால் ‘ரத்து’ என்கிறார்கள். மாற்று விமானம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கவுண்டரில் கேட்பார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நம் நாட்டு விமானப் பயண விதிப்படி, மாற்று விமானத்துக்குச் சம்மதித்துவிட்டால் இழப்பீடு கிடையாது. அதை மறுத்தால்தான் முழுக் கட்டணத்தோடு இழப்பீடும் சேரும்.

அதுவும் எப்போதும் இல்லை. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டால் இழப்பீட்டுப் பேச்சே எழாது. அதனால் டிக்கெட்டில் ஏஜெண்டின் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையே கொடுங்கள். தொடர்பு விவரம் சரியில்லை என்றாலும் இழப்பீட்டை மறுக்க விதி இடம் தருகிறது.

தொகை என்ன? பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் இவை உச்சவரம்புகள்தான். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 3,200 ரூபாய் என்றால் கிடைப்பதும் 3,200தான். மோசமான வானிலை, வேலைநிறுத்தம் போன்ற காரணங்கள் இருந்தால் அதுவும் இல்லை. மூடுபனியிலேயே வாழும் நம்மிடம் மூடுபனியைக் காரணம் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியோடு வைத்துப் பார்த்தால் நம்முடையது கைச்செலவுக் காசு. பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால், டிக்கெட் விலை எதுவானாலும் 600 யூரோ. சாதாரண இயந்திரக் கோளாறு அங்கே சாக்காகாது. சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானமாக இருந்தால் மட்டுமே அந்த உரிமை உண்டு.

என் கணக்கு இதுதான்: நேர்முகத் தேர்வு, திருமணம் என்று தள்ளிப்போட முடியாத பயணமா, மாற்று விமானத்தை எடுங்கள். அன்றைக்கே வேறு டிக்கெட் வாங்கினால் திரும்பி வரும் பணமும் இழப்பீடும் அதிலேயே கரைந்துவிடும். சென்னைக்கு மறுநாள் காலை போனால் போதுமென்றால் பணத்தை வாங்கிக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

டாக்சிக் கட்டணமும் விடுதி முன்பணமும் நம் நாட்டு விதியின் கண்ணில் படாதவை. அவற்றைக் கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நிறுவனத்துக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் தீர்ப்பு வரப் பொறுமை வேண்டும். ஐந்நூறு, ஆயிரத்துக்காக நான் போகமாட்டேன். குடும்பமே கிளம்பி, செலவு பல ஆயிரம் ஆகியிருந்தால் போவேன். அந்த எண்ணம் இருந்தால் டாக்சி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளைக் கவுண்டரில் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.