'உயரம் கூட்டித் தருகிறோம்' போர்டைப் பார்த்துப் பணம் கட்டும் முன்

வகுப்பிலேயே குள்ளமாக நிற்கும் பெண் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 'ஆறே மாதத்தில் உயரம்' என்று போர்டு மாட்டிய ஒரு கிளினிக்கில் எங்களிடம் பேக்கேஜ் என்று 38,000 ரூபாய் வாங்கினார்கள். பணம் போகட்டும். மருந்து வேலை செய்யக்கூடிய வயதில் ஒரு வருடத்துக்கு மேல் வீணாக்கிவிட்டார்கள், அதுதான் ஆறவில்லை.

என் மகளுக்கு இருப்பது டர்னர் சிண்ட்ரோம். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருமாம். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும், அல்லது இரண்டாவது அரைகுறையாக இருக்கும். அதனால் வளர்த்தியும் குறையும், சினைப்பையும் சரியாக உருவாகாது. கருவிலேயே தற்செயலாக நடப்பது. (யார் வழியில் வந்தது என்று எங்கள் வீட்டிலும் பஞ்சாயத்து நடந்தது. யார் வழியிலும் இல்லை.)

அந்த கிளினிக்கில் ஸ்டெதஸ்கோப் கூட வைத்துப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாமா என்று கேட்டேன். "குரோமோசோம் டெஸ்டெல்லாம் குழந்தை இல்லாதவங்களுக்கு எடுக்கிறது மேடம். பவுடரைக் கொடுங்க, வளர்த்தியும் வரும், சீக்கிரம் வயசுக்கும் வந்துடுவா" என்றார் அந்த ஆள்.

அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் தடவை சாயங்காலம், செருப்பைக் கழற்றி, ஸ்கேலைத் தலையில் அழுத்தி அளந்தார்கள். அடுத்த முறை காலையில் வரச் சொன்னார்கள். உச்சியில் கொண்டை, காலில் ஸ்கூல் ஷூ. அப்படியே நிற்கவைத்து "மூணு சென்டிமீட்டர் ஏறியிருக்கு பாருங்க" என்று கார்டில் எழுதினார்கள். ஷூவைக் கழற்றி அளக்கச் சொன்னதற்கு, "நம்பிக்கை இல்லாம வந்தா மருந்து எப்படி வேலை செய்யும்?" என்று கேள்வி வேறு.

மாதம் ஒரு ஊசி. லேபிள் கிழித்த குப்பியை மேசை டிராயரிலிருந்து எடுத்துப் போட்டார்கள். உண்மையான வளர்ச்சி ஹார்மோன் மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. குப்பியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். டாக்டர் பாப்பாவை முஷ்டி மடக்கச் சொன்னார். நாலாவது விரலின் முட்டி மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. "பிறந்தப்போ பாதம் வீங்கியிருந்துச்சாம்மா? காதுல அடிக்கடி சீழ் வருமா?" இரண்டுமே ஆமாம். உடனே கேரியோடைப்புக்கு, அதாவது குரோமோசோம் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்கச் சொன்னார். கூடவே இதயத்துக்கு எக்கோ, சிறுநீரக ஸ்கேன், தைராய்டு, காது கேட்கும் பரிசோதனை, எலும்பு வயதைப் பார்க்க இடது கையில் எக்ஸ்ரே. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) வால்விலோ அந்தக் குழாயிலோ கோளாறு இருக்கும், அதனால் எக்கோவை மட்டும் தள்ளிப்போடவே கூடாது என்றார்.

வளர்ச்சி ஹார்மோனை நாலைந்து வயதிலேயே கூடத் தொடங்கலாமாம். எலும்பு முனைகளில் வளரும் பகுதி மூடிவிட்டால் எந்த ஊசியும் உயரம் தராது. பருவத்துக்கான ஈஸ்ட்ரோஜனை 11, 12 வயதில் துளியளவில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டு அதிகமாகக் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் மூடிக்கொள்ளும். 'சீக்கிரம் வயசுக்கு வந்துடுவா' என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போதுதான் உறைத்தது.

மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டப்படி குற்றம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். பில்லில் 'ஊட்டச்சத்து மாவு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்களிடம் இருக்கும் ஆதாரம் அவர்கள் கொடுத்த நோட்டீஸும் அந்த அளவு கார்டும்தான். ஏற்கெனவே இப்படி எங்காவது பணம் கட்டியிருந்தால் நோட்டீஸ், வாட்ஸ்அப் விளம்பரம், காலிக் குப்பி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.