கீட்டோவா, மிதமான குறைப்பா, கொழுப்புக் குறைப்பா, மத்தியதரைக் கடல் முறையா?

மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா என்று கேட்டால், குறையும். கொழுப்பைக் குறைத்தால்? அதற்கும் அதே பதில்தான். பிறகு எதற்காக இரு தரப்பும் இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன என்றால், எடையைத் தாண்டி மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன. குறைந்த எடை நிற்குமா? ரத்தச் சர்க்கரை என்ன ஆகும்? இதயத்துக்கு நல்லதா? இந்த மூன்றிலும் ஒரே உணவுமுறை முதலிடம் பெறுவதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு மிதமான மாவுச்சத்துக் குறைப்பு போதும், அதுவும் மத்தியதரைக் கடல் முறையின் சாயலில். மாவுச்சத்தை ஏறத்தாழ முழுவதுமாக ஒதுக்கும் கீட்டோ என்பது மருத்துவரின் கண்காணிப்போடு தொடங்க வேண்டிய விஷயம்.

முதலில் கிராம் கணக்கு

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் அதில் பாதியை மாவுச்சத்திலிருந்து பெற்றால் அது 250 கிராம். இதை 130 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால், மாவுச்சத்துக் குறைந்த உணவு என்று ஆய்வாளர்கள் பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். 50 கிராமுக்கும் கீழே, சில நேரங்களில் 20 வரை இறங்கினால் அது கீட்டோ. அப்போது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உருவாக்குகிறது. மூளை உட்பட உடல் அவற்றை எரிபொருளாகப் பயன்படுத்தப் பழகுகிறது. கொழுப்புக் குறைப்பு முறையில் மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டாது. மத்தியதரைக் கடல் முறைக்குக் கிராம் கணக்கே கிடையாது. காய்கறி, பழம், பருப்பு வகைகள், முழு தானியம், கொட்டைப்பருப்புகள், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை தாராளம். சிவப்பு இறைச்சியும் இனிப்பும் எப்போதாவது.

எண்களைத் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம். இந்த இரண்டோடு கீட்டோக்காரரின் அன்றைய கணக்கு முடிந்தது மட்டுமல்ல, எல்லை தாண்டியும் போய்விட்டது. 130 கிராம் எல்லை வைத்திருப்பவர் இவற்றோடு ஒரு குவளை பாலும் (12 கிராம்) அரை கப் வேகவைத்த பருப்பும் (20 கிராம்) சாப்பிட்டாலும் 104தான் ஆகிறது. காய்கறிக்கு இன்னும் இடம் இருக்கிறது. முன்னதில் ஒவ்வொரு கவளத்தையும் எண்ண வேண்டும், பின்னதில் கையளவு தெரிந்தால் போதும். ஐந்து ஆண்டுகள் கழித்து யார் இன்னும் அதே முறையில் இருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

கடைகளில் விற்கும் கீட்டோ சாக்லேட், கீட்டோ பிஸ்கட் பற்றி ஓர் இடைச்செருகல். மொத்த மாவுச்சத்து 22 கிராம், நார்ச்சத்து 9, சர்க்கரை ஆல்கஹால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) 10, ஆகவே 'நிகர மாவுச்சத்து' 3 கிராம்தான் என்று ஓர் உறை சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சர்க்கரை ஆல்கஹால் எரித்ரிட்டால் என்றால் கணக்கு ஓரளவு சரி. அது சர்க்கரையை ஏற்றுவதில்லை. மால்டிட்டால் என்றால் சரியில்லை. அதில் ஒரு பகுதி செரித்து, ரத்தச் சர்க்கரையை உயர்த்தத்தான் செய்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க உறைகளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய உறைகளில் நார்ச்சத்து ஏற்கெனவே கழிக்கப்பட்டு, தனி வரியாக இருக்கும். அங்கேயும் ஒருமுறை கழித்தால் இரட்டைக் கழித்தல் ஆகிவிடும்.

எடை: முதல் வாரமும் ஆறாம் ஆண்டும்

கீட்டோவுக்குப் பெயர் வாங்கித் தருவது முதல் வாரம். கல்லீரலிலும் தசைகளிலும் சுமார் 400 முதல் 500 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகமும் கூடுதலாக உப்பை வெளியே தள்ளுகிறது. எடைபோடும் கருவி 2 கிலோ குறைத்துக் காட்டும். அதில் கொழுப்பு கொஞ்சம்தான். அந்த நாட்களில் வரும் தலைவலி, சோர்வு, எரிச்சல், கால் பிடிப்பு ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இந்த உப்பும் தண்ணீரும்தான் காரணம். பழைய உணவுக்குத் திரும்பினால் அந்த 2 கிலோவும் அதே வேகத்தில் திரும்பி வரும். அதைப் பார்த்து மனம் உடைபவர்கள் ஏராளம்.

நீண்ட காலப் பந்தயத்தில் இடைவெளி சுருங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரு அணிகளாகப் பிரித்து ஓராண்டு பின்தொடர்ந்தது. 2018இல் வெளியான முடிவு: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. மரபணுவைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஆனால் ஒவ்வோர் அணிக்குள்ளும் 25 கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் செய்தி இது. இன்னொன்று: சர்க்கரையையும் சலித்த மாவையும் ஒதுக்குங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்று இரு அணிக்கும் ஒரே அறிவுரைதான் தரப்பட்டது. ஆட்டம் சமனில் முடிந்ததற்கு அந்தப் பொது அறிவுரைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இஸ்ரேலில் 322 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு மூன்று முறைகளை மோதவிட்டது. இரண்டு ஆண்டு முடிவில் மாவுச்சத்துக் குறைப்பு அணி 4.7 கிலோ, மத்தியதரைக் கடல் அணி 4.4 கிலோ, கொழுப்புக் குறைப்பு அணி 2.9 கிலோ இழந்திருந்தது. அதே ஆட்களை ஆறாம் ஆண்டில் எடைபோட்டபோது வரிசை மாறியிருந்தது: மத்தியதரைக் கடல் 3.1, மாவுச்சத்துக் குறைப்பு 1.7, கொழுப்புக் குறைப்பு 0.6. முதலில் ஓடியவர் ஒருவர், கடைசியில் முன்னால் நின்றவர் வேறொருவர்.

கீட்டோ அன்பர்கள் விரும்பாத ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ உணவு, இரண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த தாவர உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். வேண்டிய அளவு சாப்பிடலாம். மாவுச்சத்து மலிந்த தாவர உணவில்தான் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும், இன்சுலின் பசியைக் கிளப்பும் என்ற எளிய கதை இங்கே இடறி விழுகிறது. ஆனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் இன்சுலினும் கீட்டோவில்தான் குறைவாக இருந்தன. அது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

சர்க்கரை: மாவுச்சத்துக் குறைப்பின் சொந்த மண்

இரண்டாம் வகை நீரிழிவில் இந்த முறைக்கு உண்மையான பலம் இருக்கிறது. சர்க்கரையை உடனடியாக ஏற்றும் பொருளையே தட்டிலிருந்து எடுத்துவிட்டால் அளவு இறங்காமல் எங்கே போகும்? ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த, மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் சான்று அதிகம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும் ஒப்புக்கொண்டது. 23 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு அலசலில், ஆறு மாத முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதத்தினருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) நீரிழிவு எல்லையான 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது; மற்ற உணவுகளில் 31 சதவீதம். இதில் மருந்து எடுத்துக்கொண்டே அந்த அளவுக்கு வந்தவர்களும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. ஓராண்டு ஆகும்போது இந்த அனுகூலம் பெருமளவு தேய்ந்துவிட்டது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக்கேல் லீனும் நடத்திய ஆய்வில், ஆறு ஆண்டுகளுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்டு, இன்சுலின் போடாதவர்களுக்கு நாளொன்றுக்கு 850 கலோரி அளவிலான பானங்களை மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதத்தினர் மருந்தே இல்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள். அந்தப் பானத்தின் கலோரியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது: அன்றாடச் சர்க்கரை ஏற்ற இறக்கத்தை மாவுச்சத்துக் குறைப்பு நேரடியாக அடக்குகிறது, நோயின் அடித்தளத்தை எடை இழப்பு அசைக்கிறது. எடை குறையாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தவர் அதைக் கைவிட்ட மறுநாளே பழைய எண்ணைப் பார்ப்பார்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகளில் அபாயம் வேறு விதமானது. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. கூடவே கீட்டோவும் இருந்தால் ரத்தம் அமிலமாகும் அளவுக்குக் கீட்டோன்கள் பெருகலாம். அப்போதும் விரல் நுனியில் எடுக்கும் சர்க்கரை அளவு ஏறத்தாழ இயல்பாகவே காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என்று வந்தும், சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதில் பெரிய பொறி. இந்த மருந்து எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே போக வேண்டாம் என்பேன். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் இருந்தவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

இதயம்: மத்தியதரைக் கடல் முறை முந்துகிறது

அதே கார்ட்னர் குழு 2022இல் கீட்டோவையும் மத்தியதரைக் கடல் முறையையும் ஒரே ஆட்களிடம் மூன்று மூன்று மாதம் சோதித்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமம். ரத்தக் கொழுப்புகளில் ஒன்றான ட்ரைகிளிசரைடு கீட்டோவில் நன்றாக இறங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கீட்டோவில் ஏறியது, மற்றதில் இறங்கியது. நார்ச்சத்தும் கீட்டோவில் குறைந்தது. சர்க்கரைக்குக் கிடைத்த லாபம் ஒன்றே என்றால், பருப்பையும் பழத்தையும் முழு தானியத்தையும் ஒதுக்கியதற்கு என்ன கைம்மாறு? அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் தன் இதயநலப் பரிந்துரைகளோடு பிரபல உணவுமுறைகளை ஒப்பிட்டு 100க்கு மதிப்பெண் போட்டபோது மத்தியதரைக் கடல் முறை 89 பெற்றது, கீட்டோ 31.

ஆயுள் கணக்கு சற்று மங்கலானது. அமெரிக்காவில் 15,428 பேரைச் சுமார் 25 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்தாக உண்டவர்களிடையே மரணம் மிகக் குறைவு. 40க்குக் கீழும் 70க்கு மேலும் அதிகம். மாவுச்சத்தின் இடத்தில் இறைச்சி வந்தால் ஆபத்து கூடியது, தாவரப் புரதமும் கொழுப்பும் வந்தால் குறைந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆட்களையே கேட்டு எழுதிய தகவல் இது என்பதால் 50, 55 என்ற எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டேன். எதை எடுத்தோம் என்பதைவிட அந்த இடத்தில் எதை வைத்தோம் என்ற கேள்விதான் எனக்கு இதில் முக்கியம்.

கொழுப்புக் குறைப்பு முறைக்கு இந்தப் பக்கத்தில் அதிக இடம் ஒதுக்காததற்குக் காரணம் இருக்கிறது. காய்கறியும் பருப்பும் முழு தானியமுமாக அதைப் பின்பற்றுபவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையைச் சேர்த்த பிஸ்கட்டும் தயிரும்தான் அதன் பெயரைக் கெடுத்தன.

கீட்டோவுக்கு அசைக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 1921இல் மேயோ கிளினிக்கின் ரசல் வைல்டர் இதை வலிப்பு நோய்க்காக முன்மொழிந்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் தரப்படுகிறது. சிறுநீரகக் கல், மலச்சிக்கல் போன்ற பக்கவிளைவுகள் பதிவானதும் அங்கேதான்.

எல்லாம் கேட்டபிறகும் கீட்டோவையே முயல்வேன் என்பவர்கள், தொடங்கும் முன் எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். எல்டிஎல் எகிறியிருந்தால் வெண்ணெயையும் கொழுத்த இறைச்சியையும் விட்டு மீன், கொட்டைப்பருப்பு, ஆலிவ் எண்ணெய்க்கு மாறலாம். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்கும் சிலருக்குக் கீட்டோவில் எல்டிஎல் மிகக் கடுமையாக ஏறுவதும், கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்ததும் இறங்குவதும் பதிவாகியிருக்கின்றன; அவர்கள் பழத்தையும் பருப்பையும் தட்டுக்கு மீட்டுக்கொண்டு, இரண்டு மாதத்தில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும்.