'நிஞ்சா ஸ்க்ரோல்' ப்ளூரே வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

'நிஞ்சா ஸ்க்ரோல்' படத்தின் ப்ளூரேவை (டிவிடியைவிடத் துல்லியமான டிஸ்க்) இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2,800 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, மாதத்துக்கு ஒரு பெயரில் கடை விரிக்கிறவர்கள் அவர்கள்.

படம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1993-இல் மேட்ஹவுஸ் நிறுவனத்துக்காக யோஷியாகி கவாஜிரி இயக்கிய ஜப்பானிய அனிமே, அதாவது அனிமேஷன் படம். ஜப்பானைத் தோக்குகாவா வம்சம் ஆண்ட காலத்தில் எஜமானன் இல்லாமல் ஊர் ஊராக அலையும் வாள்வீரன் ஜூபே, அமானுஷ்ய சக்தி கொண்ட எட்டுப் பேரிடம் மாட்டிக்கொள்கிறான். கை வேறு கால் வேறாகப் பறக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படமில்லை. ஆனால் கண்ணாடி போன்ற தாளில் கையால் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாக ஃபிலிமில் பிடித்த காலத்துப் படம். அந்த வண்ணத்துக்காகவும், ஃபிலிமுக்கே உரிய அந்தப் பொடிமணல் பரப்புக்காகவும்தான் ப்ளூரேயில் வாங்க ஆசைப்பட்டேன்.

மண்டலப் பிரச்சினை ஒன்று இருக்கிறது: எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்கில் பூட்டுப் போட்டிருப்பார்கள். ப்ளூரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ மண்டலம், பிரிட்டன் பி, நாம் சி. வெளிநாட்டு டிஸ்கை நம் ஊர் பிளேயர் பல நேரம் ஏற்காது. இந்தக் கடையிலோ 'எல்லா மண்டலத்திலும் ஓடும்' என்று போட்டிருந்தார்கள். பூட்டே இல்லாத அசல் டிஸ்க்குகளும் உண்டு என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. உறையும் பளபளவென்று இருந்தது.

டிஸ்க் வந்ததும் போட்டுப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் 'என் டிவியில்தான் ஏதோ கோளாறு' என்று அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். கல் உடம்புக்காரன் தெஸ்ஸாய் நிஞ்சாக்களைக் கிழித்துப்போடும் இடம் வந்தபோது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். இருட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக நெளிந்தது. தெறித்த ரத்தத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு. படத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தேன்; சிவப்பு தன் கோட்டைத் தாண்டி, பக்கத்திலிருந்த துணியில் ஈரம் ஊறியதுபோல் பரவியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. டிவிடியானாலும் ப்ளூரேயானாலும் வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை நீளத்தில் பாதி அகலத்தில் பாதியாகவும்தான் பதிகிறார்கள். 1920க்கு 1080 புள்ளிகள் இருக்கிற ப்ளூரேயில் அந்தப் பாதி கண்ணை உறுத்தாது. ஐரோப்பிய டிவிடியின் 720க்கு 576-இல் பாதியென்றால் 360க்கு 288. அதை இழுத்துப் பெரிதாக்கினால் முதலில் பல்லிளிப்பது அடர் சிவப்பு. டிவிடியைப் பெரிதாக்கி ப்ளூரே என்று விற்கும் இந்த ஏமாற்று, வெட்டும் குத்துமான படங்களில் சீக்கிரம் பிடிபடுவது அதனால்தான்.

அடுத்தது மூங்கில் காடு. பார்வையற்ற வாள்வீரன் முஜூரோவோடு ஜூபே மோதும் காட்சி. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஃபிலிமின் மணலைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு இலை, நரம்பு, மூங்கில் கணு எல்லாவற்றையும் சேர்த்தே துடைத்திருந்தார்கள். பச்சைக் களியில் இரண்டு மெழுகு பொம்மைகள் சண்டை போட்டன. வாள் வேகமாக வீசப்பட்டபோதெல்லாம் அதன் விளிம்பில் சீப்புப் பல் போல் கோடு கோடாக எழுந்தது.

ஒலியைக் கண்டுபிடித்தது நானில்லை. பாட்டு கற்றவரான என் அக்கா கூடத்தைக் கடந்து போனவர் நின்று, "ஏன்டா, எல்லாரும் ரயிலுக்கு நேரமானதுபோல் பேசுகிறார்கள்?" என்று கேட்டார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆகவே உறைக்கவில்லை. நண்பரிடமிருந்த அசல் டிஸ்கை வாங்கிவந்து போட்டதும் புரிந்தது. ஜூபேவுக்குக் குரல் கொடுத்தவர் கோயிச்சி யமதேரா. அசலில் நிதானமாக, சற்றுச் சோம்பலாக வரும் அந்தக் குரல் என் டிஸ்கில் இளைத்துக் கீச்சிட்டது. காவோரு வாதாவின் இசையும் அப்படியே. "சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது" என்றார் அக்கா.

அதோடு குட்டு வெளிப்பட்டது. சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). ஐரோப்பிய டிவிடிகளில் அதை 25 சட்டமாக ஓட்டுவார்கள்; படம் நான்கு சதவீதம் விரைவாகும், சுருதியும் கூடவே ஏறும். இந்தப் படத்தின் நீளம் 94 நிமிடம். என் டிஸ்கில் 90. கணக்குப் போட்டுப் பாருங்கள், கச்சிதமாக வரும். பிளேயரின் தகவல் பொத்தானை அழுத்தினால் '1080i, 50' என்று காட்டியது; அந்த 50, இருபத்தைந்தின் இரட்டிப்பு. திரைப்பட ப்ளூரே என்றால் அங்கே பொதுவாக 24 இருக்கும். உறையில் 'டிடிஎஸ் எச்டி 5.1' என்று சுற்றொலி, ஆம்ப்ளிஃபையர் காட்டியதோ டால்பி டிஜிட்டல் 2.0, வெறும் இரண்டு தட ஒலி. பின்னாலிருந்த ஸ்பீக்கர்கள் வாயே திறக்கவில்லை.

டிஸ்கைக் கழற்றி விளக்கின் கீழே திருப்பினேன். உட்புறத்தில் ஒரு நிறம், வெளிப்புறத்தில் இன்னொரு நிறம். எங்கே எழுதி முடித்தார்கள் என்பது வளையமாகவே தெரிந்தது. ஆலையில் அச்சடித்த டிஸ்கில் அப்படி இருக்காது. யாரோ பழைய டிவிடியை ஊதிப் பெரிதாக்கி வீட்டுக் கணினியில் எழுதியிருக்கிறார்கள்.

கடைக்காரருக்கு எழுதினேன். வந்த பதில்: "முப்பது வருடத்துக்கு முந்தைய படம் சார், அப்படித்தான் இருக்கும்." பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். 35 மி.மீ. ஃபிலிமில் இருக்கிற நுணுக்கத்தில் சிறு பங்குதான் டிவிடியில் இருக்கிறது. படம் பழையது என்பதல்ல குறை, எடுத்த மூலம் மட்டமானது. தெரியாதவர்கள் இந்தப் பதிலைக் கேட்டு, பாவம் பழைய படம் என்று கவாஜிரியின் மேலேயே பழி போட்டுவிட்டு டிஸ்கை அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

உறை பிரித்த டிஸ்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். உறை பிரிக்காமல் எப்படிப் பார்ப்பதாம்? அடிப்பக்கத்தின் புகைப்படம், 90 நிமிடம் காட்டும் திரையின் புகைப்படம் இரண்டையும் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போவதாகச் சொன்ன பிறகு 1,500 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 1,300 போனது போனதுதான். அதற்குமேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரிடம் இரண்டே இரண்டு கேளுங்கள்: டிஸ்கின் அடிப்பக்கப் புகைப்படம், பிளேயரில் காட்டும் ஓட்ட நேரம். தராமல் நழுவினால் விட்டுவிடுங்கள். கிடைத்த டிஸ்க் ஓட ஆரம்பித்ததும் ரத்தம் வருகிற ஒரு காட்சியில் நிறுத்தி ஓரத்தைப் பாருங்கள்.

போன வாரம் சும்மா தேடிப் பார்த்தேன். வேறொரு கடைப் பெயரில், உறையின் வலது மூலையில் அதே விளக்கொளி விழுந்த அதே புகைப்படத்தோடு, 2,499 ரூபாய்க்கு விற்கிறார்கள். 'மூன்று மட்டுமே மீதம்' என்று போட்டிருக்கிறது.