தழும்பை அழிக்காமல் பிரிண்ட் போட்டுத் தரும் ஹட்டன் ஸ்டூடியோ

பழைய படத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோவுக்குத் தாராளமாகப் போங்கள். எங்கள் பாடசாலையின் வரலாற்றுக் கண்காட்சிக்காக, 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் காயப்பட்ட சிப்பாய்களின் படங்களை அங்கேதான் போட்டோம்.

முதலில் வேறொரு கடையில் கொடுத்திருந்தோம். கல்யாண ஆல்பத்துக்குச் செய்கிற மாதிரியே முகத்தையெல்லாம் வழவழப்பாக்கி, தாடையில் குண்டு பாய்ந்த தழும்பையே காணாமல் ஆக்கிவிட்டார்கள். இந்தப் படங்களுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல், வாஷிங்டன் ஹேர்வுட் மருத்துவமனையில் டாக்டர் ரீட் பொன்டெக்கூ இவர்களைப் படம் பிடித்ததே காயத்தைப் பதிந்து வைக்கத்தான். சில படங்களில் குண்டு போன வழியைச் சிவப்பு அம்புக்குறியால் வரைந்தும் காட்டியிருக்கிறார். பிறகு ஓய்வூதியம் கேட்டவர்களுக்கு இப்படிப்பட்ட படங்கள் சாட்சியாகவும் நின்றன.

இந்த ஸ்டூடியோ அண்ணன் படத்தைத் திரையில் பார்த்ததுமே, "சேர், தழும்பு அப்படியே இருக்கட்டும்தானே?" என்று கேட்டார். எனக்கு அதுவே போதும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு வேண்டாம், பெரியதாகக் கொண்டுவாருங்கள் என்றார். சரி என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் தேடினால், உள்நாட்டுப் போர்ப் படங்கள் நிறைய, பெரிய அளவிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த அந்தக் காலப் பிரிண்ட்டின் பழுப்பு நிறத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் விட்டதால், சிவப்பு அம்புக்குறி பளிச்சென்று தெரிகிறது.

சிப்பாய்கள் கையில் பிடித்திருக்கும் பலகையில் அவர்களின் பெயரையும் வாசிக்க முடிகிறது. பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கும் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1870களின் பிற்பகுதியில் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் நமக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பலகை எழுத்து மங்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டன் போரிட்ட கிரைமியப் போரில் கால் இழந்த மூவரை, விக்டோரியா மகாராணியின் விருப்பத்தின்படி 1855இல் எடுத்த படமும் அருமையாக வந்திருக்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

விலை மற்றக் கடைகளைவிடக் கொஞ்சம் கூட. பின்னேரம் போனால் அடையாள அட்டைப் படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள். மேட் தாளே கேளுங்கள். ஃபிரேம் மட்டும் அங்கே போட வேண்டாம், கண்ணாடி வெளிச்சத்தை அடித்து முகத்தை மறைக்கிறது.