டிரெய்னிங் கான்ட்ராக்ட் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கிறவர்களிடம் உஷார்

இங்கிலாந்தில் எல்எல்எம் என்ற சட்ட மேற்படிப்பு படித்துக்கொண்டிருப்பவர்களும், வருவதற்கு விசா வேலையில் இருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லண்டனின் பெரிய கமர்ஷியல் லா ஃபர்ம்களில் விண்ணப்பக் காலம் செப்டம்பரில் சூடுபிடிக்கும். வெகேஷன் ஸ்கீம்களுக்கான கடைசித் தேதிகள் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வரிசையாக வரும். சரியாக அந்த நேரம் பார்த்து ‘அப்ளிகேஷன் கோச்சிங்’ நடத்துகிறவர்களும் கடை விரிப்பார்கள். அப்படி ஒரு கம்பெனிக்கு நான் 1,450 பவுண்ட் கட்டினேன். அன்றைய கணக்கில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல்.

கம்பெனியின் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். பணத்தைத் திரும்பக் கேட்டு நடவடிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகப்போகிறது? அடுத்த சீசனில் வேறு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும்.

விஷயம் புதிதாகத் தெரிகிறவர்களுக்கு இரண்டு வரி. டிரெய்னிங் கான்ட்ராக்ட் என்பது சாலிசிட்டர் (இங்கிலாந்தில் ஒரு வகை வழக்கறிஞர்) ஆவதற்கு லா ஃபர்மில் சம்பளத்தோடு இரண்டு வருடப் பயிற்சி. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்று நான்கு துறைகளில் உட்கார வைப்பார்கள். அதைத்தான் ‘சீட்’ என்பார்கள். பெரிய ஃபர்ம்கள் ஆரம்பிக்கும் தேதிக்குச் சுமார் இரண்டு வருடம் முன்னாலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். 2021-இல் சாலிசிட்டர் ஆவதற்கான எஸ்கியூஇ தேர்வு வந்த பிறகு அதற்கான படிப்புச் செலவு, தேர்வுக் கட்டணம், கூடவே படிக்கிற காலத்துக்குக் கைச்செலவு என்று அவர்களே தருவதும் உண்டு. தேர்வுக் கட்டணம் மட்டுமே இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஐயாயிரம் பவுண்டை நெருங்குகிறது. வெகேஷன் ஸ்கீம் என்பது ஒன்று முதல் நான்கு வாரம் வரை அந்த ஃபர்மிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பது. அதற்கும் வாராவாரம் பணம் தருவார்கள். பல ஃபர்ம்கள் தங்கள் டிரெய்னிகளை இந்த ஸ்கீமுக்கு வந்தவர்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கின்றன.

ஆக, உண்மையான இடத்தில் பணம் ஃபர்மிடமிருந்து உங்களுக்கு வரும். நீங்கள் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. இது தெரிந்தும் ஏன் ஆட்கள் பணம் கட்டுகிறார்கள் என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்கலாம். விசாக் கடிகாரம்தான் காரணம். எல்எல்எம் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, படித்து முடித்தவர்கள் தங்கி வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசாவில் இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதுவும் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அதற்குள் விசாவுக்கு ஸ்பான்ஸர் செய்கிற வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் கல்விக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பயத்தை முதலாக வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் வந்தது. இலவச வெபினார். பேசியவர் தன்னை முன்னாள் ‘சிட்டி’ சாலிசிட்டர், அதாவது லண்டன் நிதி வட்டாரத்துப் பெரிய ஃபர்மில் இருந்தவர் என்று சொல்லிக்கொண்டார். வெபினார் முடிந்ததும் தனியாக போன். நான் ‘சார்’ என்று ஆரம்பித்தால், “சார் எல்லாம் எதுக்கு தம்பி, அண்ணான்னே கூப்பிடுங்க. நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் மேல வரணும்னுதான் இதைப் பண்றேன்” என்றார். மூன்று அப்ளிகேஷன், மாதிரி இன்டர்வியூ, வாட்சன் கிளேசர் என்ற தர்க்கச் சிந்தனை டெஸ்டுக்குப் பயிற்சி, இத்தனைக்கும் மேலே ‘இன்டர்வியூ உறுதி’. சில ஃபர்ம்கள் தங்கள் கம்பெனிக்கென்று ‘ரெஃபரல் இடம்’ ஒதுக்கி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

இங்கேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபர்ம்களில் எல்லோரும் ஃபர்மின் சொந்தத் தளத்தில்தான் விண்ணப்பம் போட வேண்டும். பிறகு ஆன்லைன் டெஸ்ட், வீடியோ இன்டர்வியூ, அசெஸ்மென்ட் சென்டர் என்று படிப்படியாகத்தான் போகும். பணம் வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்துவிடும் ஏஜெண்டுக்கு இதில் இடமே இல்லை. போதாததற்கு, வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடமே கட்டணம் வாங்குவதை 1973-ஆம் வருட எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சீஸ் சட்டம் இந்த நாட்டில் பொதுவாகத் தடை செய்திருக்கிறது. அதனால்தான் ரசீதில் ‘மென்டாரிங் கட்டணம்’ என்று போடுகிறார்கள். வாயால் சொல்வது வேலை, எழுத்தில் இருப்பது ஆலோசனை.

முதல் தவணை 500 பவுண்ட் டெபிட் கார்டில். மீதி 950-ஐ வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்னார்கள். கார்டில் கட்டும் பக்கத்தில் கடைசியாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது: ‘சேவையை உடனே தொடங்கச் சம்மதிக்கிறேன்.’ அதை டிக் செய்யாமல் மேலே போக முடியாது. அதன் அர்த்தம் பின்னால்தான் தெரியும். அதற்கு வருகிறேன்.

அப்புறம் வந்தது முதல் டிராஃப்ட். ‘ஏன் எங்கள் ஃபர்ம்?’ என்ற கேள்விக்கு முந்நூறு சொல்லில் பதில். முதல் பத்தியில் ஃபர்மின் பெயர் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது பத்தியில், ‘உங்கள் ஃபிராங்க்ஃபர்ட் அலுவலகத்தின் வங்கித்துறைப் பணி என்னை ஈர்க்கிறது’ என்று ஒரு வரி. நான் விண்ணப்பிக்கவிருந்த ஃபர்முக்கு ஜெர்மனியில் அலுவலகமே கிடையாது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு யாருக்கோ எழுதியதை எனக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதே பேக்கேஜில் சேர்ந்திருந்த இன்னொரு நண்பரிடம் கேட்டேன். அவருக்கு வந்த டிராஃப்டிலும் அதே ஃபிராங்க்ஃபர்ட்.

இதையாவது டெம்ப்ளேட் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். அதற்கு அடுத்த பக்கம்தான் ஆபத்தானது. நான் சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தவன். செக் பவுன்ஸ் கேஸ்கள், வாடகைத் தகராறு, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு ஓட்டம், வாய்தா வாங்குவது, இவ்வளவுதான் என் அனுபவம். டிராஃப்டில் என்ன இருந்தது தெரியுமா? எல்லை தாண்டிய ஒரு கம்பெனி இணைப்பில் டியூ டிலிஜென்ஸ், அதாவது கம்பெனியின் கணக்கு வழக்கை ஆராயும் குழுவை நான் ‘ஒருங்கிணைத்தேன்’ என்று. கூடவே என் மதிப்பெண்ணையும் அவர்களே இங்கிலாந்துக் கணக்குக்கு மாற்றி ‘2:1’, அதாவது இரண்டாம் வகுப்பின் மேல்நிலை என்று போட்டிருந்தார்கள்.

போன் செய்து கேட்டேன். “வாய்தா வாங்கினேன்னு எழுதினா எவன் தம்பி கூப்பிடுவான்? இங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. யாரு சென்னைக்கு வந்து செக் பண்ணப்போறா?”

செக் பண்ணுவார்கள். ஆஃபர் கொடுத்த பிறகு பழைய வேலை, மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் சரிபார்ப்பது இங்கே வழக்கம். அதைவிடப் பெரிய விஷயம், சாலிசிட்டராகப் பெயர் பதிவு செய்யும்போது எஸ்ஆர்ஏ, அதாவது சாலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, உங்கள் நடத்தையையும் தகுதியையும் பார்க்கும். விண்ணப்பத்தில் பொய் சொன்னது நேர்மையின்மைக் கணக்கில் வரும். திறமைக் குறைவு என்றால் இன்னொரு முறை தேர்வு எழுதலாம். நேர்மை இல்லை என்று ஒருமுறை முடிவாகிவிட்டால் இந்தத் தொழிலில் தலை நிமிர்த்துவது கஷ்டம். மாட்டினால் கையெழுத்து உங்களுடையது. கோச்சிங் கம்பெனியின் பெயர் அந்தப் படிவத்தில் எங்கேயும் இருக்காது.

அந்த டிராஃப்டை நான் அனுப்பவில்லை. பல்கலைக்கழகத்தின் கரியர்ஸ் பிரிவில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனேன். இலவசம். படித்து முடித்த பிறகும் கொஞ்ச காலத்துக்கு இந்தச் சேவையைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. அங்கே இருந்த பெண்மணி என் செக் பவுன்ஸ் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். செக் திரும்பினால் பாங்க் மெமோ வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், எதிராளிக்குப் பணம் கட்டப் பதினைந்து நாள் அவகாசம், எங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் திணறும் சின்ன வியாபாரிகள் என்றெல்லாம் சொன்னேன். “இதைத்தானே நீங்கள் எழுத வேண்டும்? கமர்ஷியல் அவேர்னஸ், அதாவது வியாபாரப் புரிதல் என்று ஃபர்ம்கள் தேடுவது இதைத்தான்” என்றார். ஒரு வியாபாரிக்குப் பணம் தாமதமாக வந்தால் அவர் யாருக்குத் தர வேண்டிய பணத்தை எப்படி நிறுத்தி வைப்பார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன், பேப்பரில் படித்த இணைப்புச் செய்தியை ஒப்பிக்கிறவனைவிட மேல் என்பது அவர் கருத்து. மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் கொடுத்தபடியே எழுதுங்கள், எது எதற்குச் சமம் என்பதை ஃபர்ம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். 1,450 பவுண்டுக்குக் கிடைக்காதது அரை மணி நேரத்தில் சும்மா கிடைத்தது.

டிராஃப்ட் விஷயத்தில் நான் முரண்டு பிடித்ததும் ‘அண்ணன்’ அடுத்த சரக்கை எடுத்தார். டிரெய்னிங் கான்ட்ராக்ட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எஸ்கியூஇ வழியில் கணக்கில் வரும் ‘குவாலிஃபையிங் வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்’ ஒரு சின்ன ஃபர்மில் ஏற்பாடு செய்கிறேன், சம்பளம் கிடையாது, அதற்குத் தனியாக 3,500 பவுண்ட், கையெழுத்து உறுதி.

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வருட வேலை அனுபவம், அதிகபட்சம் நான்கு இடங்களில் இருக்கலாம், அதை ஒரு சாலிசிட்டரோ, ஃபர்ம் விதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரியோ உறுதி செய்ய வேண்டும். நிஜமாக வேலை செய்திருக்க வேண்டும். விலைக்கு வாங்கும் கையெழுத்து, கொடுத்தவரையும் வாங்கியவரையும் சேர்த்து மாட்டிவிடும். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரம் என்ற வரம்பில் சம்பளமில்லாத வேலையும் சேரும். இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது வேறு ஒன்றில். வேறு நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர் என்று எஸ்ஆர்ஏ ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்த இரண்டு வருட அனுபவமே தேவையில்லை. ஊரில் பார் கவுன்சிலில் பதிவு செய்தவன் நான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தேவைப்படாததையே எனக்கு விற்கப் பார்த்தார்.

அன்றிரவே எஸ்ஆர்ஏ தளத்தில் சாலிசிட்டர்கள் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை. கேட்டதற்கு, “நான் இப்போ தொழில் பண்ணாத ‘நான்-பிராக்டிசிங்’ சாலிசிட்டர், அதில் வராது” என்றார். எஸ்ஆர்ஏவுக்கே எழுதிக் கேட்டேன். அந்தப் பெயரில் அப்படி ஒருவர் சாலிசிட்டராக எப்போதும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். அதே டைரக்டர் இதற்கு முன் நடத்திய கம்பெனி கலைக்கப்பட்டிருப்பது அங்கேதான் தெரிந்தது. பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். ஸ்பான்ஸர்ஷிப் உண்டு என்று ஒரு ஃபர்மின் பெயரைச் சொன்னால், லைசென்ஸ் உள்ள ஸ்பான்ஸர்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது. அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி அந்தச் சின்னப் பெட்டிக்கு வருகிறேன். ஆன்லைனில் வாங்கிய சேவையைப் பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை 2013-ஆம் வருட நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. உடனே தொடங்கச் சொல்லிவிட்டால், ரத்து செய்யும் தேதி வரை நடந்த வேலைக்கான பங்கைக் கட்ட வேண்டும். வேலை முழுதாக முடிந்திருந்தால் உரிமையே போய்விடும். அவர்கள் அதைத் திரித்து, டிக் செய்துவிட்டீர்கள், இனி ஒரு பைசா வராது என்றார்கள். அது தப்பு. ஒரு டிராஃப்டைத் தவிர எதுவும் நடக்கவில்லை. ரத்து செய்வதாகப் பதினான்கு நாளுக்குள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். போனில் சொன்னால் செல்லாது என்பதில்லை, ஆனால் நிரூபிக்க எழுத்து வேண்டும்.

டெபிட் கார்டில் போன 500-ஐ வங்கி சார்ஜ்பேக் மூலம், அதாவது கார்டில் கட்டியதை வியாபாரியிடமிருந்து திரும்ப எடுக்கும் முறையில் மீட்டுக் கொடுத்தது. நேராக அனுப்பிய 950-க்கு, ‘இது மோசடி இல்லை, உங்களுக்கும் வியாபாரிக்கும் இடையிலான தகராறு’ என்று கைவிரித்துவிட்டது. கிரெடிட் கார்டு வைத்திருக்கிறவர்கள் அதிலேயே கட்டுங்கள். நூறு பவுண்டுக்கு மேல் விலையுள்ள சேவை என்றால் 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பு. ‘பாங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான்’ என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

950-க்கு வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பியாகிவிட்டது. சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸில் போடப்போகிறேன். கடிதம் போன சில வாரத்தில் அந்தக் கம்பெனி தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறது. அரசிதழான கஸட்டில் அறிவிப்பு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் நீக்குவார்கள். அதற்குள் பணம் வர வேண்டியவர்கள் ரசீது, மின்னஞ்சல் போன்ற ஆதாரத்தோடு கம்பெனீஸ் ஹவுஸில் ஆட்சேபணை போட்டால் நீக்கத்தை நிறுத்தி வைப்பார்கள். நான் போட்டுவிட்டேன். என் நண்பரும் போட்டிருக்கிறார். அந்த ஃபிராங்க்ஃபர்ட் டிராஃப்ட் வேறு யாருக்காவது வந்திருந்தால், உங்கள் ரசீதில் இருக்கும் கம்பெனி எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். நீக்க விண்ணப்பம் என்று காட்டினால் தேதி தாண்டுவதற்குள் நீங்களும் ஆட்சேபணையை அனுப்பிவிடுங்கள்.